பிளஸ் ஒன் படிக்கும்போதே மென்பொருள் தொழில் தொடங்கலாமா?

ஈரோட்டிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் வகுப்புத் தோழர் ஒருவரும் சேர்ந்து டியூஷன் சென்டர்களுக்காக ஒரு செயலி எழுதியிருக்கிறார்கள். அது மாணவர் வருகையைப் பதிந்து, கட்டணப் பாக்கி வைத்திருக்கும் பெற்றோருக்கு நினைவூட்டல் அனுப்புகிறது. இரண்டு சென்டர்கள் மாதம் 500 ரூபாய் வீதம் கொடுக்கின்றன. இதைக் கம்பெனியாகப் பதிவு செய்து முழுமூச்சாக இறங்கலாமா, அல்லது அப்பா சொல்வதுபோல் படிப்பு முடியும்வரை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டுமா என்பது கேள்வி. ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பள்ளி வயதில் ஒன்றைச் செய்து விற்றுக் காசு வாங்கலாமா என்பது ஒன்று. அதற்குக் கம்பெனி என்ற சட்ட உருவம் இப்போதே வேண்டுமா என்பது இன்னொன்று. பிளஸ் டூவையும் அதற்குப் பிந்தைய படிப்பையும் இதற்காகப் பணயம் வைக்கலாமா என்பது மூன்றாவது. தம்பி, உங்கள் அப்பா பதில் சொல்லியிருப்பது மூன்றாவது கேள்விக்கு. அவர் முதல் கேள்விக்கே தடை போட்டுவிட்டதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

நான் கோயம்புத்தூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆடிட்டராக இருக்கிறேன். என்னிடம் வரும் கணக்குகளில் பாதி லேத் பட்டறைகளும் சிறு மில்களும். மீதியில் கணிசமானவை ஐந்து பேர், பத்துப் பேர் வைத்து நடக்கும் மென்பொருள் நிறுவனங்கள். பள்ளிச் சீருடையோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து இதே கேள்வியைக் கேட்ட சிலரையும் பார்த்திருக்கிறேன். உங்கள் நிரல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் வழக்கறிஞனும் அல்ல. ஆகவே சட்டம் தொடர்பாகச் சொல்லும்போது, தீர்ந்துபோன விஷயம் எது, இருபுறமும் வாதாடக்கூடிய விஷயம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

தீர்ந்துபோனதிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் 18 வயது நிறையாதவர் மைனர். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 11-ஆவது பிரிவில் மைனருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி இல்லை என்கிறது. கல்கத்தாவில் ஒரு மைனர் தன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய விவகாரம், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வழக்குகளுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய், அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று 1903-இல் தீர்ப்பானது. மோகரி பீபி வழக்கு என்று சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கும் அந்தத் தீர்ப்புதான் இன்றைக்கும் நிலைமை. ஆகவே நீங்கள் ஒரு கம்பெனியின் இயக்குநர் ஆக முடியாது. ஒருநபர் கம்பெனியில் மைனர் உறுப்பினராகவோ நியமனதாரராகவோ இருக்கக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டின் விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. பெங்களூரைச் சேர்ந்த சுகாஸ் கோபிநாத் 2000-ஆம் ஆண்டில் தம் 14-ஆவது வயதில் நிறுவனம் தொடங்க முனைந்தபோது இதே சுவரில்தான் முட்டிக்கொண்டார். அமெரிக்காவின் சான் ஓசே நகரில் பதிவு செய்துகொண்டுதான் வேலையைத் தொடர்ந்தார். அந்தக் குறுக்குவழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்று வெளிநாட்டில் ஒரு நிறுவனம் வைத்திருப்பது என்றால் அங்கே ஒரு கணக்கு, இங்கே வெளிநாட்டுச் சொத்து விவரம், அந்நியச் செலாவணி விதிகள் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருமானத்துக்குத் தாங்காத சுமை.

இன்னொரு வழியை யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். பெரியவர்கள் நடத்தும் கூட்டு நிறுவனத்தில் மைனரை லாபத்தில் மட்டும் பங்கு பெறுபவராகச் சேர்க்கலாம் என்று 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 30-ஆவது பிரிவில் அனுமதிக்கிறது. அனுமதிப்பது உண்மைதான், ஆனால் அதே பிரிவின் பிற்பகுதியைப் பலர் படிப்பதில்லை. 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள், தொடர்கிறேன் அல்லது விலகுகிறேன் என்று பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் நீங்கள் முழுப் பங்குதாரர் ஆகிவிடுவீர்கள். அதுவும் 18-ஆவது பிறந்தநாளிலிருந்து அல்ல, முதன்முதலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து அந்த நிறுவனம் பட்ட கடனுக்கெல்லாம் பொறுப்பு உங்கள் தலையில் ஏறும். அந்த ஆறு மாதம் பெரும்பாலும் கல்லூரியின் முதல் ஆண்டில், விடுதி அறையில் கழிகிற காலம். அப்போது பொது அறிவிப்பு யாருக்கு நினைவிருக்கும்?

இருபுறமும் வாதாடக்கூடியது, உங்களிடம் செயலியை வாங்கியவர் காசு தர மறுத்தால் என்ன ஆகும் என்பது. மைனர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதை முழுமையாகச் செய்து முடித்திருந்தால் எதிர்த்தரப்பிடம் உரிமை கோரலாம் என்ற கருத்துக்கு ஆதரவாக, பணம் முழுவதையும் கொடுத்து அடமானம் பெற்ற ஒரு மைனர் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1916-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு எதிர்த்திசையில், மைனர் பெண்ணைத் திரைப்படத்தில் நடிக்க வைப்பதாக அவர் தந்தை செய்துகொண்ட ஒப்பந்தத்தை வைத்து, அந்தப் பெண்ணும் வழக்குப் போட முடியாது, தந்தையும் போட முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1940-களின் இறுதியில் சொன்னது. இனிமேல் செய்கிறேன் என்று மைனர் கொடுக்கும் வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை என்பது அதன் சாரம். மாதாமாதம் பராமரிப்பது என்ற உங்கள் ஏற்பாடு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுகிறது. வழக்கறிஞர்கள் இதை நாள் முழுக்க விவாதிக்கலாம். 500 ரூபாய்க்கு யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை என்பதால், மாதக் கட்டணத்தை முதல் தேதியிலேயே வாங்கிவிடுவது எல்லாத் தீர்ப்புகளையும் விட நல்ல பாதுகாப்பு.

அப்படியானால் அப்பா, அம்மா பெயரில் கம்பெனி தொடங்கலாமே என்பீர்கள். தொடங்கலாம். ஆனால் பிரைவேட் லிமிடெட் என்பது ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டிய உருவம். எனக்குக் கட்டணம் கிடைக்கும் காரியத்தை நானே வேண்டாம் என்கிறேன் என்பதைக் கவனியுங்கள். நிதிநிலை அறிக்கைக்கு ஒன்று, ஆண்டறிக்கைக்கு ஒன்று என இரண்டு படிவங்களையாவது ஒவ்வோர் ஆண்டும் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், அதற்கு மேல்வரம்பும் கிடையாது. இரண்டு படிவங்களை ஓராண்டு மறந்தால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் வேறெந்தக் கம்பெனியிலும் ஐந்தாண்டுகளுக்கு இயக்குநராக முடியாத தகுதியிழப்பு. மகனின் ஆர்வத்துக்காகத் தம் பெயரிலும் மனைவி பெயரிலும் கம்பெனி பதிவு செய்து, மகன் கல்லூரிக்குப் போனதும் அதை மறந்துவிட்ட ஒருவர், பிறகு கூடுதல் கட்டணமாக மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டுத்தான் அதை மூட முடிந்தது. அந்தக் கம்பெனியின் மொத்த வருமானம் அதில் பாதிகூட இல்லை.

உங்கள் அப்பா என்ன வேலையில் இருக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. அரசு ஊழியராகவோ அரசுப் பள்ளி ஆசிரியராகவோ இருந்தால், முன் அனுமதி இல்லாமல் தொழில் நடத்துவதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. அப்போது அவர் பெயரில் எதையும் தொடங்குவதற்கு முன் அவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ஒருவேளை அவருடைய தயக்கத்துக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

பணம் வாங்குவதில் அவ்வளவு சிக்கல் இல்லை. பத்து வயது நிறைந்தவர் சொந்தமாகவே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. எந்த அளவுக்குப் பரிவர்த்தனை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். காப்பாளர் வழியாக மைனருக்கு பான் அட்டையும் வாங்கலாம். மைனரின் வருமானத்தைப் பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி போடுவார்கள். ஆனால் மைனர் தன் சொந்தத் திறமையாலோ சிறப்பு அறிவாலோ ஈட்டியது அதற்கு விலக்கு என்பது வருமான வரிச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் விதி. நீங்களே எழுதிய செயலியில் வரும் காசு அந்த விலக்குக்குள் வரும் என்பதே என் துணிபு. ஆண்டுக்கு 12,000 ரூபாய் எப்படிப் பார்த்தாலும் வரி வரம்புக்கு வெகு கீழே. சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதலுக்கு மேல்தான் கட்டாயம். ‘ஜிஎஸ்டி நம்பர் இருந்தால்தான் மதிப்பு’ என்று பதிவு செய்துவிட்டு, விற்பனையே இல்லாத மாதங்களுக்கும் ரிட்டர்ன் போட மறந்து அபராதம் கட்டுகிறவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2016-இல் ஒரு பிளஸ் டூ மாணவன் என்னிடம் வந்தான். அவன் அப்பாவுக்கு லேத் பட்டறை. ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு வருவதும் போவதும் சலானில் எழுதி, மாதக் கடைசியில் கூட்டிப் பில் போடுவதற்குள் அப்பா தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்து, அவனே ஒரு மென்பொருள் எழுதினான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். 3,000 ரூபாய் வீதம் பதினொரு பட்டறைகளுக்குக் கொடுத்தான். எல்லாம் நன்றாகவே போனது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. பில்லின் வடிவமே மாறியது. பதிவு எண், பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீடு, மத்திய வரி, மாநில வரி என்று தனித்தனிக் கட்டங்கள். பதினொரு பட்டறைகளும் ஒரே வாரத்தில் அவனைக் கூப்பிட்டன. அந்த ஜூலை முழுவதும் அவன் ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் அலைந்துகொண்டிருந்தான். ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தவன் மேசைமேல் வைத்த பில் புத்தகத்தின் ஓரமெல்லாம் கிரீஸ் கறை. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் பட்டறைக்காரர் கையால் எழுதி அடித்துத் திருத்திய வரிக் கணக்கு. ‘சார், பைசாவை முழு ரூபாயாக ரவுண்ட் செய்வது எந்தக் கட்டத்தில் சார், வரி போடுவதற்கு முன்பா பின்பா?’ என்று கேட்டான். அவனுக்குக் கணினி தெரியும், வரி தெரியாது, பட்டறைக்காரர்களுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் அவர்கள் 3,000 ரூபாய் கொடுத்தது அவனை நம்பித்தான்.

அவன் அதிர்ஷ்டம், பொதுத்தேர்வை மார்ச்சில் எழுதி முடித்திருந்தான், கல்லூரி இன்னும் திறக்கவில்லை. ஜிஎஸ்டி நான்கு மாதம் முன்னதாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் அப்பா என்னிடம் பல முறை கேட்டிருக்கிறார். பள்ளி மாணவன் தொழில் செய்வதில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய சிக்கல் இதுதான்: வயதும் அனுபவக் குறைவும் அல்ல, உங்கள் நாட்காட்டி உங்கள் கையில் இல்லை என்பது. மென்பொருளை விற்பது பேனா விற்பது போன்றதல்ல; விற்ற நாளில் வேலை தொடங்குகிறது. உங்கள் விஷயத்தில் இது இன்னும் நெருக்கடியானது. டியூஷன் சென்டருக்கு உச்சகட்ட வேலை எப்போது? ஜனவரியிலிருந்து மார்ச் வரை. உங்களுக்குச் செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் வரும் அதே மாதங்கள். வாடிக்கையாளரும் நீங்களும் ஒரே தேர்வுக்காகத் திணறும் இப்படி ஒரு தொழிலை யோசித்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் செயலியில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பெற்றோருக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, அனுப்பும் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் மாதிரி வாசகம் ஆகிய மூன்றையும் டிஎல்டி என்னும் தளத்தில் முன்பே பதிந்திருக்க வேண்டும். இதற்குச் சோம்பி, சொந்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்து நிரல் வழியாக நூற்றுக்கணக்கானவர்களுக்கு அனுப்பினால் அந்த எண் முடக்கப்படும். டியூஷன் சென்டர் உரிமையாளரின் எண்ணிலிருந்து அனுப்பி அது முடங்கினால், அவர் தொழிலே நின்றுபோகும். இரண்டாவது, உங்களிடம் இருப்பது குழந்தைகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் வருகைப் பதிவும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே வரையறுத்து, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. இரண்டு சென்டர் வைத்திருக்கும் உங்கள்மேல் அந்தத் தொகை பாயும் என்று பயமுறுத்த மாட்டேன். சட்டத்தின் நேரடிப் பொறுப்பு சென்டர் நடத்துபவர் மேல் எவ்வளவு, உங்கள் மேல் எவ்வளவு என்பதும் ஏற்பாட்டைப் பொறுத்தது. ஆனாலும் தேவையில்லாத எதையும் சேமிக்காதீர்கள்; குறிப்பாக, மாணவிகளின் புகைப்படமும் வீட்டு முகவரியும் உங்கள் மடிக்கணினியில் இருக்கவே கூடாது.

பள்ளியிலேயே தொடங்கி வென்றவர்களை நீங்கள் கடிதத்தில் அடுக்கியிருக்கிறீர்கள். அவற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது. பில் கேட்ஸ் பள்ளி மாணவராக இருந்தபோது பால் ஆலனோடு சேர்ந்து நடத்தியது டிராஃப்-ஓ-டேட்டா. சாலையில் வண்டிகளை எண்ணும் கருவியின் நாடாக்களைப் படித்து அறிக்கை தரும் தொழில். வாஷிங்டன் மாநில அரசே அதே சேவையை நகரங்களுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியதும் அது படுத்துவிட்டது. ஆனால் அதற்காக ஆலன், இன்டெல் 8008 சில்லு இல்லாமலேயே பெரிய கணினியில் அதைப்போல நடிக்கும் ஒரு நிரலை எழுதியிருந்தார். 1975-இல் ஆல்டேர் கணினியைக் கண்ணால் பார்க்காமலேயே அதற்கு பேசிக் மொழியை எழுத அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது; மைக்ரோசாஃப்ட் அங்கிருந்து தொடங்கியது. பள்ளிக்காலத் தொழில் காசு தரவில்லை, கையைப் பழக்கியது. லண்டன் மாணவர் நிக் டி அலோய்சியோ செய்திகளைச் சுருக்கித் தரும் தம் சம்லி செயலியை 2013-இல் 17 வயதில் யாகூவுக்கு விற்றார். பெரும் தொகை என்று செய்திகள் வந்தன. அவரோ அதன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து படித்தார்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் அசூலே முதலான நான்கு பொருளியலாளர்கள் அரசுப் பதிவேடுகளைக் கொண்டு செய்து 2020-இல் வெளியான ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று வந்தது. இதைக் காட்டி ‘நாற்பது வயதுவரை பொறு’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 45-இல் வென்றவர் 16-இல் எதையாவது விற்றுப் பார்த்தாரா என்பதை அது அளக்கவே இல்லை. நம் ஊரிலேயே பாருங்கள்: சென்னையில் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைக் கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கியபோது, ஸோஹோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்பதை ஊறித் தெரிந்துகொண்டிருந்தார். பள்ளியில் சிறு அளவில் விற்பது அந்தத் தெளிவை முன்னதாகத் தருமா என்று கேட்டால், தரும் என்று நான் நம்புகிறேன்; நிரூபிக்க என்னிடம் என் வாடிக்கையாளர்கள் சிலரைத் தவிர ஆதாரம் இல்லை.

படிப்பை விடுவது பற்றி எனக்குத் தயக்கமில்லாத கருத்து: விடாதீர்கள். ஹார்வர்டை விட்டுப் போனவர்களின் கதை இங்கே பொருந்தாது; அங்கே விடுப்பு எடுத்துப் போனவர் திரும்பி வரலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு வரும் கட்-ஆஃப்தான் எல்லாம். அதில் ஒரு மதிப்பெண் இறங்கினால் உங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றுவிடுவார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் வருமானம் அதற்கு ஈடாகாது. மாதம் ஒரு லட்சம் வந்தால் நான் வேறு மாதிரி பேசுவேனா என்றால், பேசக்கூடும். அப்போது உங்கள் அப்பாவும் பேசுவார்.

ஆக, உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது: கம்பெனி வேண்டாம், பதிவு எதுவும் வேண்டாம். இந்த இரண்டு சென்டர்களோடு இன்னும் இரண்டு அல்லது மூன்று, அதற்கு மேல் இல்லை. பிளஸ் டூவில் டிசம்பர் முதல் பொதுத்தேர்வு முடியும்வரை புது வசதி எதுவும் எழுத மாட்டோம், பழுது பார்ப்பதும் ஞாயிறு மட்டும்தான், அந்த மாதங்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று சென்டர்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடுவேன். ஏற்காதவரை விட்டுவிடுவேன். செயலி நின்றுபோனாலும் அவர்கள் வேலை நடக்கும்படி, எல்லா விவரங்களையும் ஒரே அழுத்தில் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்து கொடுப்பேன். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான கூகுள் ப்ளே கடையில் ஏற்ற 18 வயது வேண்டும், ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். அதைப் பெற்றோர் பெயரில் செய்வதைவிட, இப்போதைக்கு உலாவியிலேயே இயங்கும்படி வைத்துக்கொள்வேன்.

கடைசியாக, கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று: அந்த நண்பர். இரண்டு மைனர்களுக்கு இடையிலான எந்த ஒப்பந்தமும் செல்லாது. ஆனால் பதிப்புரிமைக்கு வயது வரம்பு கிடையாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு; எழுதியவரே அதன் முதல் உரிமையாளர், அவருக்கு 16 வயதானாலும். ஆகவே எந்தப் பகுதியை யார் எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார், வரும் காசை எப்படிப் பிரித்துக்கொள்கிறோம், ஒருவர் விலகினால் நிரல் யாரிடம் இருக்கும் என்பதை ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, இரு வீட்டுப் பெரியவர்களையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் அது ஒப்பந்தமாக நிற்காது. ஆனால் நான்கு ஆண்டு கழித்து இருவரில் ஒருவர் கம்பெனி தொடங்கும்போது, யார் எழுதியது என்ற கேள்விக்கு அந்தத் தாள் ஆதாரமாக இருக்கும். அதைக் கையெழுத்திட உங்கள் அப்பாவிடம் நீட்டும்போது, அவர் முதல் முறையாக அந்தச் செயலி என்ன செய்கிறது என்று கேட்கவும் கூடும்.